இடுப்புக்கூட்டின் அளவும் சிசுவின் கிடையும்: மகப்பேற்றியல் வரலாற்றில் ‘குறுகிய இடுப்பு’ என்னும் கருத்தாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேறு தடைபடுவதற்குத் தாயின் இடுப்புக்கூட்டின் குறுக்கமே தலையாய காரணம் என்னும் எண்ணம் ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அளவைக் கலையாக வளர்ந்தது. அவ்வளவைக்குத் தூண்டுகோலாக அமைந்தவை நோயால் உருக்குலைந்த எலும்புகள். ஊட்டக்குறைவும் வெயிலின்மையும் விளைத்த குறையைப் பெண்ணுடலின் இயல்பாகவும் இனத்தின் அடையாளமாகவும் கொள்ளும் போக்கு அதிலிருந்து கிளைத்தது. சிசுவின் கிடையையும் அசைவையும் பற்றிய அறிவு இதனால் பின்னுக்குச் சென்று, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு வடிவில் மீண்டது. இவ்வரலாற்றை, ஸ்ரீநகரில் பணியாற்றிய காத்லீன் வாகனின் ஆய்வைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மகப்பேற்றியல் வரலாறு, இடுப்புக்கூடு, சிசுக்கிடை, ரிக்கெட்ஸ், ஆஸ்டியோமலேசியா, இடுப்பளவை, பேற்று வரைபடம்.

முன்னுரை

பேற்று நோவைத் தமிழில் ‘இடுப்பு வலி’ என்றே வழங்குவர். நோவு எழுவது கருப்பைத் தசையின் சுருக்கத்தால். ஆயினும் வழக்கு அதனை இடுப்பில் வைத்துச் சொல்கிறது. பிள்ளையைப் பற்றிய சொற்களோ வேறு வகையின. ‘தலை திரும்பிவிட்டது’, ‘பிள்ளை குறுக்கே கிடக்கிறது’, ‘காலால் பிறந்தான்’, ‘கொடி சுற்றிப் பிறந்தாள்’ என்பன எல்லாம் கிடையையும் அசைவையும் குறிப்பவை. காலால் பிறந்தவர் முதுகில் மிதித்தால் சுளுக்கு விடும் என்ற நம்பிக்கை இன்றும் ஊர்ப்புறங்களில் உண்டு. பேறு என்பது ஒரு வழியும் அவ்வழியே வரும் ஓர் உடலும் சந்திக்கும் நிகழ்ச்சி என்பதை இவ்விரு வகைச் சொற்களும் சேர்ந்தே உணர்த்துகின்றன.

மருத்துவ வரலாற்றில் இவ்விரண்டும் ஒரே அளவில் கவனிக்கப்படவில்லை. எலும்பு அளக்கத்தக்கது, அருங்காட்சியகத்தில் வைக்கத்தக்கது, இறந்த பின்னும் எஞ்சுவது. சிசுவின் திருப்பமோ உயிருள்ள தாயின் உடலுக்குள் சில மணி நேரத்தில் நிகழ்ந்து முடிவது. அளக்க எளியதே காரணமென்று கொள்ளப்பட்டதன் விளைவுகளை எண்ணற்ற பெண்களின் உடல்கள் ஏற்க நேர்ந்தது.

கிடை பற்றிய பழைய அறிவு

இந்திய மருத்துவ மரபில் தடைபட்ட பேறு ‘மூடகர்ப்பம்’ எனப்படும். சுசுருத சங்கிதையின் நிதானத் தானம் அதற்குக் கீலம், பிரதிகுரம், பீஜகம், பரிகம் என்னும் நால்வகையைக் கூறுகிறது. கைகால்களும் தலையும் மேல்நோக்கி முளைபோல் அடைத்து நிற்பது கீலம். கதவின் குறுக்குத் தாழைப்போல் வழியை மறித்துக் கிடப்பது பரிகம். பெயர்களே கிடையைக் கண்முன் நிறுத்துகின்றன. இவ்வகைகளைச் சொன்ன பின்னர் அந்த எண்ணிக்கையிலேயே நில்லாமல், கிடைகளை மேலும் விரித்து எட்டாகவும் அந்நூல் காட்டுகிறது. வகைப்பாட்டின் எல்லையை உணர்ந்த மருத்துவரின் தயக்கம் அது. இத்தயக்கம் பிற்கால ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் இல்லை.

எலும்பு அளவாதல்

பேற்றின்போது இடுப்பெலும்புகள் விலகி வழிவிடுகின்றன என்ற கருத்து ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டிலும் செல்வாக்குடன் இருந்தது. எலும்பு விலகுமென்றால் அதன் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வெசாலியஸ் 1543இல் வெளியிட்ட உடற்கூற்று நூலுக்குப் பின் இடுப்புக்கூட்டின் உருவம் தெளிவுற்றபோதும், அதனைப் பேற்றோடு முறையாக இணைத்தவர் டச்சு மருத்துவர் ஹென்ட்ரிக் வான் டெவென்டர். அவருடைய மகப்பேற்று நூல் 1701இல் வந்தது. அவர் எலும்புக் கோணல்களைச் சீர்செய்வதிலும் பெயர் பெற்றவர் என்பது தற்செயலன்று. வளைந்த காலையும் முதுகையும் கண்டு பழகிய கண்ணே வளைந்த இடுப்பையும் கண்டது.

டப்ளினைச் சேர்ந்த பீல்டிங் ஊல்டு 1742இல் வெளியிட்ட நூலில், குழந்தையின் தலை இடுப்பினுள் நுழையும்போது முகம் தாயின் பக்கவாட்டை நோக்கியிருக்கிறது என்று எழுதினார். தலை தொடக்கம் முதலே முகத்தைத் தாயின் முதுகுப்புறம் வைத்து நேராக இறங்குகிறது என்ற முந்தைய கருத்தை இது மாற்றியது. பின்னர் வில்லியம் ஸ்மெல்லி லண்டனில் இவ்வசைவை முழுமையாக விளக்கினார். அவருடைய நூல் 1752இலும், யான் வான் ரிம்ஸ்டைக் வரைந்த படங்கள் மிகுந்த உடற்கூற்றுப் படத்தொகுதி 1754இலும் வெளிவந்தன.

அவர்கள் கண்டதன் உட்பொருளை இன்றைய அளவுகளைக்கொண்டு சொல்லலாம். இடுப்புக்கூட்டின் மேல்வாயில் குறுக்கே அகன்றது: குறுக்களவு ஏறத்தாழ 13 செ.மீ., முன்பின் அளவு ஏறத்தாழ 11 செ.மீ. கீழ்வாயிலில் இது மாறி, முன்பின் அளவே பெரிதாகிறது. சிசுவின் தலையும் பந்துபோல் உருண்டையானதன்று, முன்பின் நீண்டது. ஆகவே அது குறுக்காக நுழைந்து, உள்ளே கால்வட்டம் திரும்பி, பிடரி முன்னாக வெளிவருகிறது. பூட்டினுள் சாவி திரும்புவது போன்றது இது என்று சொல்லத் தோன்றும். ஆனால் இங்கே பூட்டும் சற்று நெகிழ்கிறது, சாவியும் தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. மண்டையோட்டின் எலும்புகள் இணையாதிருப்பதால் தலை அமுங்கி நீள்கிறது. தாடை மார்பில் படியத் தலை குனிந்திருந்தால் வழியை எதிர்கொள்ளும் அளவு ஏறத்தாழ 9.5 செ.மீ.; தலை நிமிர்ந்து நெற்றி முந்தினால் அது 13 செ.மீ. அளவுக்கு உயர்கிறது. தாயும் அதே தாய், பிள்ளையும் அதே பிள்ளை. குனிந்த தலைக்கு வழி உண்டு. நிமிர்ந்த தலைக்கு இல்லை.

அசைவை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த ஸ்மெல்லியே அளவைக் கலையின் முன்னோடியாகவும் விளங்கினார். முன்னெலும்பின் கீழ்விளிம்பிலிருந்து முதுகெலும்பின் அடியில் முன்துருத்தும் முனைவரை விரலால் அளக்கும் முறையை அவர் கற்பித்தார். உண்மையான எலும்புகளின்மேல் தோல் போர்த்திய பதுமையைக்கொண்டு பாடம் நடத்தினார். அப்பதுமையை மருத்துவச்சி எலிசபெத் நிகல் 1760இல் வெளியிட்ட நூலில் எள்ளினார். உயிருள்ள பெண்ணின் உடலில் கைபழகாத ஆண்கள் பொம்மையில் பழகி ஆயுதம் எடுக்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். தொழிற்போட்டி அதில் இருந்தது உண்மையே; ஆனால் அசைவற்ற பதுமையில் கற்ற கை அசையும் பேற்றை எவ்வாறு அறியும் என்ற வினாவும் அதில் இருந்தது.

பாரிசில் ழான் லூயி போதலோக் 1781இல் வெளியிட்ட நூல் வெளிப்புறக் கவைக்கோலால் இடுப்பை அளப்பதைப் பரப்பியது. சிசுவின் கிடைகளை அவர் 94ஆகப் பகுத்தார். அவ்வூரின் மகப்பேற்று இல்லத்தில் தலைமை மருத்துவச்சியாக இருந்து ஏறத்தாழ 40,000 பேறுகளின் பட்டறிவைத் தொகுத்த மரி லூயிஸ் லாஷபெல் அவற்றை 22ஆகக் குறைத்தார். ஏட்டில் இருக்கக்கூடியவற்றுக்கும் பேற்றறையில் உண்மையாகக் காணக்கூடியவற்றுக்கும் உள்ள தொலைவை இவ்விரு எண்களே காட்டும்.

இந்த அறிவு தமிழுக்கு வந்த தடமும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஷ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்த முனைந்தவர். டப்ளின் மருத்துவர் ஹென்றி மோன்செலின் மகப்பேற்று நூலைத் தழுவிய ‘பிரசவ வைத்தியம்’ 1857இல் அவர் முயற்சியால் வெளிவந்தது. ஊல்டு எழுதிய நகரத்தின் மகப்பேற்று மரபு, அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பாடமாயிற்று.

நோயுற்ற இடுப்பே அளவுகோலாதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில் நகரங்களில் ரிக்கெட்ஸ் நோய் பெருகியது. புகை மூடிய வானம், நெருக்கமான குடியிருப்பு, சத்தற்ற உணவு ஆகியவற்றிடையே வளர்ந்த பெண்குழந்தைகளின் எலும்புகள் மென்மையுற்று, உடற்பாரத்தால் இடுப்புக்கூடு முன்பின்னாகத் தட்டையாயிற்று. அவர்கள் தாயாகும்போது சிசுவின் தலை மேல்வாயிலிலேயே நின்றுவிடும். அக்காலத்தில் அதற்கிருந்த வழிகள் கொடியவை: சிசுவின் மண்டையைத் துளைத்து எடுத்தல், பாரிசில் 1777இல் சிகோல் செய்ததுபோல் முன்னெலும்பின் இணைப்பை வெட்டுதல், அல்லது தாய் பிழைப்பது அரிதாயிருந்த வயிற்றறுவை. கிளாஸ்கோவில் 1888இல் முர்டாக் கேமரன் ரிக்கெட்சால் உருக்குலைந்த இடுப்புடைய பெண்ணொருவருக்குச் செய்த சிசேரியனில் தாயும் சேயும் பிழைத்தனர். புதிய அறுவைக் காலத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

இச்சூழலில் இடுப்பை அளப்பது உயிர்காக்கும் அறிவாகவே இருந்தது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஜெர்மனியில் கீல் நகரத்துக் குஸ்தாவ் அடால்ஃப் மிகேலிஸ் 1000 பெண்களின் இடுப்பை வரிசையாக அளந்து எழுதிய ‘குறுகிய இடுப்பு’ என்னும் பொருளுடைய நூல், அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து 1851இல் வெளிவந்தது. பேற்றுக் காய்ச்சல் மருத்துவர் கையாலேயே பரவுகிறது என்ற செம்மல்வைசின் கண்டுபிடிப்பைக் கேள்வியுற்று, தம் கையால் இறந்தவர்களை எண்ணி வருந்திய மிகேலிஸ் 1848இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குறுகியதாக அளவிடப்பட்ட இடுப்புடையோரிலும் பெரும்பாலோர் தாமாகவே ஈன்றனர் என்பதையும் அவருடைய பதிவுகள் காட்டின. அளவு மட்டும் விளைவைத் தீர்மானிப்பதில்லை என்ற இச்செய்தி நூலின் தலைப்பளவுக்குப் புகழ் பெறவில்லை.

இடுப்பும் இனமும்

ஆம்ஸ்டர்டாமில் விரோலிக் 1826இலேயே பல்வேறு மக்களின் இடுப்பெலும்புகளை ஒப்பிட்டு இன வேறுபாடு பேசியிருந்தார். எடின்பரோ உடற்கூற்றியலார் வில்லியம் டர்னர் 1885இல் மேல்வாயிலின் முன்பின் அளவுக்கும் குறுக்களவுக்கும் உள்ள விகிதத்தைக்கொண்டு மக்களினங்களை மூன்றாக வகுத்தார். மண்டையோட்டை அளந்த காலனிய அறிவியலின் உடன்பிறப்பு இது. நியூயார்க்கின் கால்டுவெல்லும் மோலோயும் 1933இல் அமைத்த நால்வகைப் பாகுபாடு இம்மரபிலிருந்து முற்றும் விலகியதன்று. பெண்ணியல்பு, ஆணியல்பு, குரங்கியல்பு, தட்டையியல்பு எனப் பொருள்படும் அப்பெயர்கள் செவிலியர் பாடநூல்களில் இன்றும் மனப்பாடமாகின்றன. ஒரு பெண்ணின் எலும்பைக் ‘குரங்கியல்பு’ என்று எழுதும் மாணவி அச்சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பெண்களின் ஊடுகதிர்ப் படிமங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வொன்று, இந்நான்கும் தனித்தனித் தொகுதிகளாகப் பிரியவில்லை என்றும், வடிவங்கள் ஒன்றோடொன்று கலந்த தொடர்ச்சியாகவே உள்ளன என்றும் கண்டது.

பரிணாமக் கதையும் இதனோடு சேர்ந்தது. நிமிர்ந்த நடைக்காக இடுப்பு குறுகியது, மூளைக்காகத் தலை பெருத்தது, இரண்டும் மோதியதால் பேறு துன்பமாயிற்று என்று ஷெர்வுட் வாஷ்பர்ன் 1960இல் எழுதினார். கருக்காலத்தின் முடிவை இடுப்பின் அகலத்தைக் காட்டிலும் தாயின் ஆற்றல் வழங்கும் திறனே தீர்மானிக்கிறது என்று ஹாலி டன்ஸ்வர்த்தும் அவர் குழுவினரும் 2012இல் மறுத்தனர். விவாதம் தொடர்கிறது. எனினும் பெண்ணின் இடுப்பு பிறவியிலேயே ஒரு சமரசம் என்ற படிமம் பாடநூல்களில் வேரூன்றிவிட்டது.

ஸ்ரீநகர்: வெயிலும் எலும்பும்

எலும்பின் வடிவம் இனத்தாலோ பிறவியாலோ அமைவதா, வாழ்வால் அமைவதா என்ற வினாவுக்கு வலிமையான விடைகளுள் ஒன்று காஷ்மீரிலிருந்து வந்தது. ஸ்ரீநகரின் ஜனானா மருத்துவமனையில் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய காத்லீன் ஓல்கா வாகன், தம் பட்டறிவைப் பர்தா முறையும் தாய்மையும் பற்றிய நூலாக 1928இல் வெளியிட்டார். நகரத்து வீடுகளில் பருவம் எய்தியது முதல் வெயில் படாமல் அடைபட்டிருந்த பெண்களிடம் ஆஸ்டியோமலேசியா என்னும் எலும்பு மென்மை நோயை அவர் மிகுதியாகக் கண்டார். அதே பள்ளத்தாக்கில் படகுகளில் வாழ்ந்து, திறந்த வெளியில் துடுப்பு வலித்து உழைத்த பெண்கள் எளிதில் ஈன்றனர். வாழ்ந்த நிலம் ஒன்று. வெயில் மட்டும் ஒன்றன்று.

ஆஸ்டியோமலேசியாவின் போக்கு ‘குறுகிய இடுப்பு’ என்னும் கருத்தாக்கத்துக்கே ஒரு சோதனையாகும். ரிக்கெட்ஸ் குழந்தைப் பருவத்தில் இடுப்பைக் கெடுக்கிறது. இதுவோ வளர்ந்த பெண்ணின் எலும்பைத் தாக்குகிறது. ஒவ்வொரு கருவும், ஒவ்வொரு குழந்தைக்கும் ஊட்டும் பாலும் தாயின் சுண்ணச்சத்தை வாங்கிக்கொள்ள, பக்கங்களிலிருந்தும் பின்னிருந்தும் அழுந்தி இடுப்புக்கூடு உள்நோக்கி மடிகிறது. முதற்பிள்ளையைத் தானே ஈன்றவள் மூன்றாவது அல்லது நான்காவது பேற்றில் வழியின்றித் தவிக்கிறாள். அவள் இனம் மாறவில்லை, பிறவி மாறவில்லை. இடுப்பு மாறியிருக்கிறது. எலும்பை நிலையான விதியாகக் கொண்ட எந்த வகைப்பாடும் இவளுக்கு விளக்கம் தராது.

அக்காலத்தின் ஆய்வுகளும் வாகனுக்குத் துணைநின்றன. புறஊதாக் கதிரால் ரிக்கெட்ஸ் குணமாவதை 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி காட்டினார். உணவின் பங்கை அதே காலத்தில் இங்கிலாந்தில் மெல்லன்பி நிறுவினார். வைட்டமின் டி 1922இல் இனங்காணப்பட்டது. வாகன் 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மேல்வாயிலின் வடிவமே பேற்றைத் தீர்மானிக்கிறது என்று வாதிட்டார். 1937இல் எழுதிய நூலில் வட்டமான மேல்வாயில், நெகிழும் மூட்டுகள், இயல்பான உடல்நிலை ஆகிய மூன்றையும் பாதுகாப்பான பேற்றின் அடிப்படைகளாகக் கூறினார். முதலாவது எலும்பு, மற்ற இரண்டும் அசைவு. குந்தி அமர்ந்து வேலை செய்யும் பெண்களை உற்று நோக்கியவரின் முடிவு இது.

வாகனின் எழுத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. கேத்ரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ வெளிவந்த மறு ஆண்டில் வந்த நூல் அது. வழக்கத்தைக் குற்றஞ்சாட்டும் தொனி இரண்டுக்கும் பொது. கிளாஸ்கோவின் குறையைத் தொழில் நகரத்தின் விளைவென்று கண்ட அறிவுலகம், ஸ்ரீநகரின் குறையைச் சமயப் பழக்கத்தின் விளைவென்று காண்பதில் வேகம் காட்டியது. பால், நெய், மீன் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற வினாவுக்கு இரு நகரங்களிலும் ஒரே முக்கியத்துவம் உண்டு. ஆயினும் அவர் நிறுவியது நிலைத்தது. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் டுகால்டு பேர்டு நடத்திய ஆய்வுகளும் தாயின் உயரம், வளர்ந்த வறுமை, பேற்றின் விளைவு ஆகியவற்றை இணைத்துக் காட்டின.

பேறே அளவுகோலாதல்

எக்ஸ்கதிர் வந்தபின் உயிருள்ள பெண்ணின் எலும்பைப் படமாகவே காண முடிந்தது. இடுப்பளவை பல மருத்துவமனைகளில் வழக்கமாயிற்று. 1956இல் அலிஸ் ஸ்டூவர்ட் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியிட்ட முதல் முடிவுகள், கருவிலேயே எக்ஸ்கதிர் பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய் மிகுதியாக இருப்பதைக் காட்டின. மருத்துவ உலகம் அதை ஏற்க ஆண்டுகள் பல சென்றன. எக்ஸ்கதிர் இடுப்பளவை சிசேரியனை மிகுவித்ததேயன்றித் தாய்க்கோ சேய்க்கோ தெளிவான நன்மை தரவில்லை என்பது பின்னைய ஒப்பீட்டு ஆய்வுகளின் தொகுப்பால் புலனாயிற்று. காரணம் மேலே சொல்லப்பட்டதே: படத்தில் எலும்பு உண்டு, தலை குனியுமா, திரும்புமா, அமுங்குமா என்பது இல்லை.

மாற்றுவழி இன்றைய ஹராரேயில் பிறந்தது. ஹியூ பில்பாட் 1972இல் அமைத்த பேற்று வரைபடத்தில் கருப்பை வாய் திறப்பதும் தலை இறங்குவதும் மணிவாரியாகக் குறிக்கப்பட்டன. எச்சரிக்கைக் கோடு ஒன்று. அதற்கு நான்கு மணி நேரம் தள்ளிச் செயற்கோடு ஒன்று. தொலைவான சிற்றூர் நிலையத்தில் தனியாக இருக்கும் மருத்துவச்சி, தாயை எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று அறிவதற்காக அமைந்த கருவி அது. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 35,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் உலக நலவாழ்வு நிறுவனம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், வரைபடம் நெடிய பேற்றையும் தொற்றையும் குறைத்தது. எவ்வளவு இடமிருக்கிறது என்ற பழைய வினாவின் இடத்தில், எவ்வாறு நகர்கிறது என்ற வினா வந்தது.

கிடையை முன்கூட்டியே திருத்திவிடலாம் என்ற ஆர்வமும் இக்காலத்தில் எழுந்தது. பிடரி தாயின் முதுகுப்புறம் நோக்கிய கிடையில் பேறு நீளும், வலி மிகும். நியூசிலாந்து மருத்துவச்சி ஜீன் சட்டன் 1990களில், கருவின் இறுதி வாரங்களில் தாய் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்றால் அக்கிடை மாறும் என்று கற்பித்தார். ஆஸ்திரேலியாவில் 2,500க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, பிறக்கும்போதுள்ள கிடையில் இப்பயிற்சி மாற்றம் தரவில்லை என்று கண்டது. மீயொலிப் படிமங்கள் அதற்குரிய ஒரு காரணத்தைச் சுட்டுகின்றன: நோவின்போதே சிசு பலமுறை கிடை மாறுகிறது. நோவு தொடங்குமுன் பெற்ற கிடை இறுதிக் கிடை அன்று. அளவையில் நம்பிக்கை வைத்தவர்கள் செய்த பிழையையே, கிடையை நிலையானதாக எண்ணியவர்களும் வேறு வழியில் செய்தனர்.

தமிழ்நாட்டில் இவ்வினா வெறும் வரலாறன்று. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) மாநிலத்தின் பேறுகளில் 44.9 விழுக்காடு சிசேரியன். இந்திய அளவு 21.5 விழுக்காடு. இதற்குக் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறிவது வேறோர் ஆய்வின் பணி. ஆனால் ‘உனக்கு இடுப்பு எலும்பு சின்னது’ என்று நோவு தொடங்குமுன்னரே கேட்ட பெண், அச்சொல்லைத் தன் உடலின் குறையாகவே வாழ்நாள் முழுதும் சுமக்கிறாள். தன் மகளுக்கும் சொல்லி வைக்கிறாள். உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடல்நலமுள்ள பெண்களுக்குப் பேற்றறையில் சேர்க்கும்போது வழக்கமாக இடுப்பை அளப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அதனைத் தொடர்ந்து 2020இல் அது வெளியிட்ட பேற்றுக் கவனிப்புப் படிவத்தில் சிசுவின் கிடைக்கு ஒரு வரிசை உண்டு. தலை அமுங்குவதற்கு ஒன்று, தலை இறங்குவதற்கு ஒன்று, தாய் எந்நிலையில் இருக்கிறாள் என்பதற்கும் ஒன்று. இடுப்பின் அளவை எழுத அதில் இடமில்லை.